ஒரு முட்டா, இரண்டு முட்டா?

கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்துப் பாரி நகரத்தில் காரை இடித்துக்கொண்டவர்களுக்கெல்லாம் லோர்ன் பிக்ஃபோர்டின் குரல் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷமாக அவருக்கு ஒரே வேலை: மோதிய வண்டிகளில் யார் மேல் எவ்வளவு தப்பு என்று தீர்ப்பது. ஒன்டாரியோ விதிப்படி அந்தக் கணக்கில் வானிலை சேராது. நாலு மாதம் தரையே கண்ணில் படாத ஊரில், பனி என்று ஒன்று பெய்வதையே ஒத்துக்கொள்ளாத விதி. எழுதிய புண்ணியவான் கோடையில் ஏரிக்கரையில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

லோர்னுக்கு அதுதான் வேதம். "ஒரே பனிங்க, கண்ணே தெரியலை" என்று யாராவது போனில் புலம்பினால், "பனிக்கு லைசென்ஸ் இருக்கா? வண்டியை ஓட்டினது நீங்கதானே?" என்பார். அழுதவர்கள் உண்டு, மனிதர் அசைந்ததில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உபதேசம்தான். "முன்னாடி போற வண்டிக்கு இடம் விடுங்க. இடிச்சுட்டா, தயவுசெஞ்சு சாரி சொல்லாதீங்க."

இரண்டாவது உபதேசம் அந்த ஜனங்களால் ஆகாத காரியம். தங்கள் காலை மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்கிறவர்கள். சாரி சொன்னதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவர்களுக்காகத் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது என்றால் பாருங்கள்.

ஜனவரியில் ஒரு காலை, நானூறாம் நெடுஞ்சாலையில் லோர்ன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் எட்னா டலக்கின் சின்னக் கார். லோர்னின் தெருக்காரர், பள்ளி பஸ் ஓட்டுகிறவர். எட்னா போனால் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போகலாம் என்று தெருவில் சொல்வார்கள். லோர்ன் கிட்டத்தட்ட அப்படித்தான் போனார், ஒட்டிக்கொண்டு. வளைகுடாப் பக்கமிருந்து பனிச்சூறை கிளம்பியது. முன்னால் நின்றுவிட்ட ஒரு பால் டேங்கருக்குப் பின்னால் எட்னா பதமாக நிறுத்தியதை லோர்ன் பார்த்தார். அடுத்த கணம் எல்லாம் வெள்ளை. அவர் வண்டி எட்னாவின் கார் மேல் மோத, அது டேங்கரில் போய் முட்டியது. அதற்குப் பின்னால் வந்தவர்களும் தங்கள் பங்குக்கு வரிசையாக வந்து சேர்ந்தார்கள்.

எல்லோரும் இறங்கினார்கள். யாருக்கும் அடியில்லை. மன்னிப்புத் திருவிழா தொடங்கியது. இடித்தவர் சாரி, இடிபட்டவர் சாரி, நடுவில் நசுங்கியவர் இரண்டு பக்கமும் சாரி. லோர்ன் சாலையோரக் கம்பத்திடம்கூட ஒன்று சொன்னதாகக் கேள்வி. போலீசுக்கு முன்னால் வந்துவிட்ட இழுவை வண்டிக்காரர்கள் மட்டும் யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

"என் தப்புதான் லோர்ன். நான்தான் வழுக்கிப் போய் டேங்கர்ல மோதிட்டேன் போல. பாவம், நீங்க என் மேல வந்து மாட்டிக்கிட்டீங்க" என்றார் எட்னா. மனதார நம்பித்தான் சொன்னார்.

இந்தத் தொழிலில் இதற்கு ஒரு கேள்வி உண்டு: முன்வண்டிக்காரருக்கு எத்தனை முட்டு தெரிந்தது? ஒன்று என்றால், நடுக்கார் சும்மா நின்றிருக்கிறது, பின்னால் வந்தவர் தள்ளிவிட்டார். இரண்டு என்றால், நடுக்கார் முதலில் தானே மோதியது, பிறகுதான் பின்வண்டி வந்தது. பழக்க தோஷத்தில் லோர்ன் டேங்கர் டிரைவர் ரெஜானிடம் கேட்டுவிட்டார்.

"உங்களுக்கு எத்தனை வேணும் சார்?" என்றார் ரெஜான். "நான் காபி குடிச்சிட்டிருந்தேன். நீங்க ஒண்ணுன்னா ஒண்ணு, அந்தம்மா ரெண்டுன்னா ரெண்டு. யார் மனசும் நோகக் கூடாது பாருங்க."

எட்னாவின் பஸ் கம்பெனியில் ஒரு சட்டம்: சொந்தக் காரில் போகும்போது விபத்து நடந்தாலும், தப்பு ஓட்டுநர் மேல் என்று ஏறிவிட்டால் பஸ் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அவர் கணவர் டக் இடுப்பு ஒடிந்து வீட்டில் கிடந்தார். அந்த பஸ் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

அடுத்த வாரம் எட்னாவின் இன்சூரன்ஸிலிருந்து காசிடி என்ற பெண் லோர்னைக் கூப்பிட்டாள்.

"எட்னா மேடமே முதல்ல மோதினதா ஒத்துக்கிட்டாங்க சார். டேங்கர் டிரைவரும் ரெண்டு முட்டுங்கிறார். நீங்களும் ஆமான்னுட்டா முடிச்சிடலாம்."

ஒரு 'ஆமாம்' போதும். லோர்ன் வாயைத் திறந்தார். "அன்னிக்கு ஒரே பனிம்மா. கண்ணே தெரியலை."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சும்மாவா? வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. சன்னலுக்கு வெளியே யாரோ அவர் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தார்கள். எட்னா. தன்னால் லோர்னின் கார் கெட்டுப்போனதற்குப் பரிகாரமாம்.

"ஹலோ, சார்?"

"அவங்க நின்னுட்டாங்கம்மா. நின்னதை நான் பார்த்தேன். நான்தான் ஒட்டிக்கிட்டே போனேன். ஒரே முட்டு. முழுத் தப்பும் என்னுது."

"முழுசுமா?" காசிடிக்கு நம்ப முடியவில்லை. இப்படிச் சொன்ன ஒருவரை அவள் பார்த்ததே இல்லை. "பனி காரணம்னு ஏதாவது குறிச்சுக்கட்டுமா?"

"வேண்டாம்மா. ஒட்டிக்கிட்டே போனேன், அவ்வளவுதான்."

உண்மை எட்னாவின் காதுக்கும் போனது. சாரி சொல்ல அவர் இரண்டு தடவை வந்தார்; லோர்ன் கதவைத் திறக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில், காரில்லாத லோர்ன் டவுன் பஸ்ஸுக்காகத் தெருமுனையில் விறைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளை ஏற்ற மஞ்சள் பஸ் வந்து நின்றது. கடைசிப் பிள்ளையும் ஏறிய பிறகு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்னா எட்டிப் பார்த்தார்.

"சாரி லோர்ன். உங்களை ஏத்திக்க முடியாது. இன்சூரன்ஸ் ஒத்துக்காது."

"ஏத்தினா நானே புகார் கொடுப்பேன். கதவைச் சாத்துங்க, பிள்ளைங்க குளிர்ல நடுங்குது."

எட்னா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். பஸ் பதமாக நகர்ந்து போனது. லோர்னுக்கு மனம் நிறைந்துவிட்டது. பனி முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் அங்கேயே நின்றார்.