அலெமாவுக்கு ஒரு ஓட்டு

எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி உள்ளங்கையில் தேய்க்கிறாள் ஹிஸ்கெ. மற்ற நாளில் வாடிக்கைக்காரருக்கே ஒரு கீற்றுக்கு மேல் தரமாட்டாள். தேர்தல் நாளில் மட்டும் முழுப்பழமும் அவள் கைக்குத்தான். "சீட்டுல மீன் வாடை அடிச்சா, எண்ணுறவன் எது என்னுதுன்னு கண்டுபிடிச்சிருவான். அப்புறம் என்ன ரகசிய ஓட்டு?"

ஹார்லிங்கன் துறைமுகக் கரையில் நீலநிற மீன்வண்டி அவளுடையது. உப்பில் ஊறிய பச்சை ஹெரிங் மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, வெங்காயத்தில் புரட்டி நீட்டுவாள். தயங்கி நிற்பவனிடம், "கண்ண மூடிக்க, வாயத் திற, அவ்வளவுதான்" என்பாள். வண்டிமேல் வந்து உட்காரும் கடற்பறவைகளுக்கு நகரசபைக்காரர்களின் பெயர்களை வைத்திருக்கிறாள். அதில் கொழுத்த திருடனுக்குப் பெயர் அலெமா.

அந்த ஊரில், ஓட்டுப் போடப் போக முடியாதவர்கள் தங்கள் வாக்கு அட்டையின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு இன்னொருவரிடம் கொடுத்துவிடலாம். ஒருவர் தன் ஓட்டோடு சேர்த்து இரண்டு பேருடையதைத்தான் சுமக்கலாம். ஹிஸ்கெயிடம் அந்த இரண்டு இடத்துக்கும் அடிதடி. ரொட்டிக்கடைக்காரி ஒரு வருடம் இடம் கிடைக்காமல் மூக்கைச் சிந்தியிருக்கிறாள். "பெத்த மகன்கிட்ட குடுத்தா, அவனுக்குப் பிடிச்சவனுக்குப் போட்டுட்டு வந்து, நீ சொன்னதத்தாம்மா போட்டேன்னு சத்தியம் பண்ணுவான்" என்பாள் அவள். ஹிஸ்கெ அப்படியில்லை. அட்டையை வாங்கும்போதே சொல்லிவிடுவாள்: "நான் வெறும் கை. மண்டை உன்னுது."

இந்தத் தடவை அட்டையோடு வந்தது ஒரே ஒருவர், சிப்ரன். வண்டிக்கு நேர் மேலே மாடியில் குடியிருப்பவர். மீன் வறுக்கும் புகை பற்றியும் பறவைகளின் எச்சம் பற்றியும் இருவருக்கும் ஓயாத சண்டை. இடுப்பு எலும்பு அறுவைக்காகப் பக்கத்து ஊரான லேவார்டன் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவர், கம்பை ஊன்றி வந்து அட்டையை மீன்பலகை மேல் வைத்தார்.

"அலெமாவுக்குப் போட்டுடு."

வெங்காயம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பறவை அலெமா இல்லை, அசல் அலெமா. கரையிலிருந்து மீன்வண்டிகளைக் கிளப்பிவிட்டுப் பூந்தொட்டி வைப்பேன் என்று வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்த வேட்பாளர்.

"என் பொழப்ப கெடுக்கிறவனுக்கு, என் கையாலேயா கிழவா?"

"வேற யார் கைய நம்புறது, சொல்லு?"

ஹிஸ்கெ விரல்களை ஏப்ரனில் துடைத்துவிட்டு, அட்டையை வாங்கிச் செருகிக்கொண்டாள்.

தேர்தல் காலையில் எலுமிச்சை மணக்கப் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்துக்குப் போனாள். ஓட்டுச்சாவடி மேசையில் உட்கார்ந்திருந்த டௌவெ, சிப்ரனுடைய அடையாள அட்டையின் நகல் எங்கே என்று கேட்டான்; அது இல்லாமல் அடுத்தவர் ஓட்டைப் போட முடியாது. கிழவர் அதைக் கொடுக்க மறந்திருந்தார். இவளும் கேட்க மறந்திருந்தாள்.

"அப்ப உன்னுத மட்டும் போட்டுட்டுக் கெளம்பு" என்றான் டௌவெ. குரலைத் தாழ்த்தி, "நல்லதாப் போச்சுன்னு வச்சுக்கயேன். வண்டி தப்பிச்சுது. நகல் இல்லன்னா நீ என்ன பண்ணுவ? யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

விதி அவளுக்குத் தெரியும். அடுத்தவர் ஓட்டைத் தன் ஓட்டோடு சேர்த்துத்தான் போடவேண்டும். தன்னுடையதை இப்போது போட்டுவிட்டால் கிழவரின் ஓட்டு அதோடு போச்சு.  கிழவரின் அட்டையோடு தன் அட்டையையும் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டும் சேந்துதான் வரும்."

அன்று புதன்கிழமை, சந்தை நாள். கூட்டம் வரும் நேரத்தில் வண்டியின் கதவை இறக்கிப் பூட்டிவிட்டு ரயிலேறினாள். ஆஸ்பத்திரியில் சிப்ரன் கஞ்சியை முறைத்துக்கொண்டிருந்தார்.

"போட்டாச்சா?"

"எங்க போட! உன் அடையாள அட்டையக் குடு, நகல் எடுக்கணும்."

"அதுக்கா இவ்வளவு தூரம் வந்த? வண்டிய யாரு பாத்துக்கறா?"

"அலெமா பாத்துக்கறான். கூரை மேல உக்காந்து."

கிழவர் சிரிக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அட்டையை நீட்டியவர் விடாமல் பிடித்தபடி, "ஏன் ஹிஸ்கெ, உனக்குச் சங்கடமா இருந்தா..." என்று இழுத்தார்.

"எனக்கென்ன சங்கடம்? நான் வெறும் கை. மாத்தணும்னா மண்டைதான் மாத்தணும். இப்பவே சொல்லு."

கிழவர் கஞ்சியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "இல்ல, மாத்தல. அந்தப் புகை இருக்கே, அப்பப்பா."

"சரி, அப்ப விடு அட்டைய."

திரும்பி வந்தபோது கூடத்தில் ஆளே இல்லை. ரயில் கம்பியைப் பிடித்த கைக்கு, பையிலிருந்த மிச்சப் பாதிப் பழத்தையும் தேய்த்துக்கொண்டாள். டௌவெ நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டு சீட்டுகளைக் கொடுத்தான். ஒவ்வொன்றும் மேசை விரிப்பு அகலம்; வேட்பாளர் பெயருக்குப் பக்கத்திலுள்ள வட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் நிரப்ப வேண்டும். தடுப்புக்குப் பின்னால் காகிதம் விரியும் சத்தம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் காகிதத்தில் எதையோ அழுத்தித் தேய்க்கும் சத்தம். அப்புறம் படக்கென்று ஏதோ முறிந்தது.

தடுப்புக்கு மேலே ஹிஸ்கெயின் தலை தெரிந்தது. கையில் முனை உடைந்த சிவப்புப் பென்சில்.

"இன்னொன்னு குடு டௌவெ."

"அதான் போட்டாச்சுல்ல?"

"கிழவனோடதுதான் ஆச்சு. வட்டம் முழுக்க ரொப்பிட்டேன், ஒரு பொட்டு வெள்ளை இல்ல. என்னோடது இன்னும் பாக்கி."

அவன் புதிய பென்சிலை எடுத்துக் கொடுத்தான். மீன் வெட்டும் கத்தியைப் பதம் பார்ப்பதுபோல், அதன் முனையைக் கட்டைவிரலில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, அவள் தடுப்புக்குப் பின்னால் குனிந்தாள்.