இருபத்தாறு போட்டால் இருபத்தைந்து

"போட்டதெல்லாம் உள்ளதான் இருக்கு. கேட்டா மட்டும் ஒன்னு குறையுது."

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதிவு எழுதும் அக்கா, நாலு நாளாக இதையே பாடிக்கொண்டிருந்தார். டீ கொண்டுவருபவரிடம் சொன்னார், நர்ஸிடம் சொன்னார், கேட்க ஆளில்லாதபோது கம்ப்யூட்டரிடமே சொன்னார்.

பதினோரு வருடம் நோட்டில் எழுதிய கை அது. சர்க்கரை அளவு, 'ரத்தம் போதவில்லை' என்கிற குறிப்பு, எல்லாம் ஒரே பக்கத்தில் முட்டி மோதிக் கிடக்கும். நோட்டு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நாலு நாளைக்கு முன்னால் அவருடைய கொழுந்தன் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். இதிலும் எல்லாம் ஒரே பட்டியலுக்குள்தான் போகும். ஆனால் பட்டனைத் தட்டினால் எண்கள் மட்டும் பிரிந்து வரும். முந்நூறைத் தாண்டியவர்களுக்கு நர்ஸ் உடனே போன் போடுவார்.

"இது பை மாதிரி அண்ணி," என்றார் கொழுந்தன், பாதிச் சொல்லை விழுங்கும் அவசரக் குரலில். "எதை வேணா போடலாம். எடுக்கும்போது மட்டும் என்ன வகைன்னு சொல்லணும்."

பைக்குள் இருக்கும் வெங்காயத்துக்குத் தான் வெங்காயம் என்று தெரியுமா என்று அக்கா கேட்டார். தெரியும் என்றார் அவர். அப்போது சுற்ற ஆரம்பித்த தலை நிற்கவேயில்லை.

நாலாம் நாள் காலை இருபத்தாறு அளவுகளைத் தட்டினார். வந்தது இருபத்தைந்து. முந்நூறைத் தாண்டியவர் யாருமில்லை என்று நர்ஸ் நிம்மதியாக எழுந்துவிட்டார். பஸ் டிரைவர் ஒருவருக்குப் பெரிய எண்ணாகத் தட்டியது அக்காவுக்கு நினைவிருந்தது; எவ்வளவு என்பதுதான் மறந்துவிட்டது. இரண்டு மணிக்கு அவர் வண்டி எடுக்க வேண்டும்.

கொழுந்தனுக்குப் போன் போட்டார். எண்ணில் இல்லையென்றால் வார்த்தைகளைக் கேட்டுப் பாருங்கள் என்றார் அவர். மூன்று குறிப்பு வரவேண்டிய இடத்தில் நான்கு வந்தன: ரத்தம் போதவில்லை, சாப்பிட்டுவிட்டு வந்தார், நாளை வரச் சொல்லவும், "412".

நோட்டுக் காலத்தில் பயமுறுத்தும் எண் வந்தால், நர்ஸ் கண்ணில் படட்டும் என்று இருபுறமும் மேற்கோள் குறி வைப்பது அக்காவின் வழக்கம். இங்கேயும் வைத்திருந்தார். புரோகிராமுக்கோ குறிக்குள் இருப்பதெல்லாம் வார்த்தை. யாரைக் காட்ட வேண்டுமோ அவரையே அது கழித்துவிட்டது.

டிரைவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனை எடுத்தார். முணுமுணுத்துக்கொண்டே வந்தவரை டாக்டர் படுக்க வைத்துவிட்டார். முந்தின நாட்களில் விடுபட்ட மூவருக்கும் நர்ஸ் போன் போட்டு வரவழைத்தார்.

சாயங்காலம் கொழுந்தன் வந்தார். வார்த்தைக்கு மட்டும்தான் குறி என்று முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னேனே, குறி வைத்தால் எண் எண்ணாக இருக்காதே அண்ணி என்று சிரித்தார். அக்காவுக்கு அது இன்னமும் விளங்கவில்லை. மேஜையிலிருந்த பஞ்சைக் காட்டிச் சொன்னார்:

"நானூத்திப் பன்னெண்டு எங்க நின்னாலும் நானூத்திப் பன்னெண்டுதான் தம்பி. உங்க ரெண்டு காதுலயும் இந்தப் பஞ்சை வச்சுட்டா, நீங்க என் கொழுந்தன் இல்லன்னு ஆயிடுமா?"