சித்தப்பாவின் ஐம்பத்தெட்டு வயது முகம்

நான்கு நாள் சிங்கப்பூரில் இருந்துவிட்டு ஒரு பூங்காவைக்கூடப் பார்க்காமல் திரும்பிய ஆள் நானாகத்தான் இருப்பேன். பிப்ரவரியில் மல்லிகா சித்தியோடு போனேன், காணாமல்போன சித்தப்பாவைத் தேடி. கல்யாணமாகி எட்டாவது மாதம் அங்குள்ள செம்பவாங் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போனவர். இரண்டு வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. முப்பது வருடமாக அலுவலகங்களில் கேட்டும் பதிலில்லை. போட்டோவுக்கு மாலை போட்டுக் காரியத்தை முடித்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் நச்சரித்தார்கள். சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பகுதியில் அவர் சாயலில் யாரையோ பார்த்ததாக ஊர்க்காரர் ஒருவர் சொன்னதும், "ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்" என்று சித்தி பிடிவாதமாகக் கிளம்பிவிட்டார்.

திருச்சியிலிருந்து நாலு மணி நேரப் பயணம். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், நாளுக்குத் தொண்ணூறு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வாடகையில் அறை. ஜன்னல் கிடையாது, அந்த விலைக்கு அதெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. முதல் நாள் கல்யாண போட்டோவை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினோம். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "உங்க மகனா?" மூன்றாவது கடைக்குப் பிறகு சித்தி போட்டோவை என்னிடம் கொடுத்துவிட்டார்.

மளிகைக்கடைக்காரர் ஒருவர்தான் சபீனாவைப் பற்றிச் சொன்னார். சாட்சிகள் சொல்லும் அடையாளங்களைக் கேட்டுக் காவல்துறைக்காக முகம் வரைந்தவர், இப்போது குடும்பங்களுக்கும் வரைந்து தருகிறாராம். மறுநாள் ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி ரெட்ஹில்லில் இறங்கி, புக்கிட் மேராவில் அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம்.

போட்டோவைப் பார்த்ததும் சபீனா சிரித்துவிட்டார். "ஸ்டூடியோல ரொம்ப டச்சப் பண்ணிட்டாங்க லா. மேக்கப் போட்ட ஹீரோ மாதிரி இருக்காரு. ஃபேஸ்ல மார்க் ஏதாச்சும் இருந்துச்சாக்கா?"

சித்தி தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க ஒரு தழும்பு. சைக்கிள்லேருந்து விழுந்தது."

"நீங்க எதிர்ல நின்னு பாக்குற பக்கமா, அவரோட பக்கமாக்கா?"

சித்தி குழம்பிப்போனார். பிறகு கண்ணை மூடி, வலது கையை எதிரே காற்றில் நீட்டி, அங்கே ஒரு முகம் இருப்பதுபோல் மெல்லத் தடவினார். "அவருக்கு எடப்பக்கம்" என்றார். முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்த விரல் சரியான இடத்தில் போய் நின்றது.

அப்புறம் சபீனா, சித்தப்பாவின் அண்ணனான என் அப்பாவின் படங்களைக் கேட்டார், முப்பது வயதிலும் அறுபதிலும் எடுத்தவை. அண்ணனுக்கு இமை எப்படித் தளர்ந்தது, தாடை எங்கே தொங்கியது, முன்வழுக்கை எப்போது விழுந்தது என்று பார்த்துத் தம்பிக்கும் ஐம்பத்தெட்டு வயதுக்குக் கணக்குப் போட்டார். எலும்பு மாறாது, தசைதான் மாறும் என்றார். "இது கெஸ்தான்க்கா. இப்படித்தான் இருப்பார்னு நான் ப்ராமிஸ் பண்ண மாட்டேன்." மூன்று மணி நேரம் பென்சிலும் அழிப்பானுமாகப் போனது. கூலி வாங்க மாட்டேன் என்றவரிடம் தாளுக்காவது என்று இருபது வெள்ளி திணித்தோம்.

பிரதி எடுத்துக் கடைகளில் கொடுத்தோம். இதில் கவனம் வேண்டும்: அனுமதி இல்லாமல் சுவரிலோ தூணிலோ ஒட்டக் கூடாது. கடைக்குள் வைக்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சாப்பாட்டுக்கடையில் ஒருவர் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாத்த மாதிரி இருக்கு, ஆனா ஷுவரா சொல்ல முடியலையே" என்றார். அவ்வளவுதான் கிடைத்தது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: ஸ்டூடியோ படத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கூடப் பிறந்தவர்களின் வயதான படங்கள், வெயிலில் எடுத்த மங்கல் படங்கள், மச்சம் தழும்பு எந்தப் பக்கம் என்ற விவரம், எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

ஊர் திரும்பிய பிறகு, காரியம் பற்றிப் பேச மறுபடி வந்தவர்களிடம், "ஆள் எங்கயோ இருக்கார், போங்க" என்று சித்தி முடித்துவிட்டார். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். திரும்பும் விமானத்தில் நான் தூங்குகிறேன் என்று நினைத்து அந்த ஓவியத்தை விரித்தார். வழுக்கையை, தொங்கிய இமையை, தழும்பை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, சித்தப்பாவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் மெல்லச் சொன்னார்:

"எனக்கு மட்டுந்தான் வயசாச்சுன்னு நெனச்சேங்க."