வெந்நீரில் போட்ட கல்

தண்ணீரில் கரையும் கல் என்று ஒன்று உண்டு என்பது எங்கள் வீட்டில் அத்தை ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் சொல்லாமல் மறைத்தாள் என்று பழி போட முடியாது. ராத்திரிச் சாப்பாட்டின்போது தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவள் கல்லைப் பற்றி வாயைத் திறந்ததும் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார். நான் அப்பளத்தில் கண்ணாக இருப்பேன். அம்மா மட்டும் கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். கேட்டதெல்லாம் மண்டையில் ஏறியதா என்பது வேறு விஷயம்.

அத்தை, அப்பாவின் தங்கை. நிலவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கிழக்குத் தாம்பரத்தில் எங்களோடுதான் இருந்தாள். மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போய்வருவாள். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவளை 'கல் பொறுக்குற பொண்ணு' என்று அடையாளம் சொல்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பாள்.

ராஜஸ்தானில் ஒரு பழைய செம்புச் சுரங்கத்துக்குப் போனபோது அவள் கொண்டுவந்ததுதான் அந்தக் கல். பெயர் கால்காந்தைட். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தால், அப்படியொரு நீலத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மயில்துத்தமும் இதுவும் ஒரே பொருள்தானாம். ஆனால் அது தொழிற்சாலையில் காய்ச்சியது, இது பூமி தானே செய்தது. செம்பும் கந்தகமும் உள்ள பாறையில் காற்றும் ஈரமும் பட்டு, அதிலிருந்து கசிகிற நீர் சுரங்கச் சுவரில் வற்றி வற்றி உறைந்தால் இந்தக் கல் பிறக்கும். ஒரு மழை போதும், கரைந்துவிடும். காற்று ரொம்பக் காய்ந்தாலும் வெளுத்து உதிரும். அதனால்தான் அபூர்வம் என்பாள் அத்தை. இத்தனை சுகவாசியான ஒரு கல் எப்படித்தான் பூமிக்குள் காலம் தள்ளியதோ என்று எனக்கு வியப்பாக இருக்கும். விஷம் என்று சொல்லியிருந்ததால் தொட்டது மட்டும் இல்லை.

அத்தையின் துறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதிலுள்ள ஒவ்வொரு கல்லுக்கும் கீழே அது கிடைத்த ஊரும் கண்டெடுத்தவர் பெயரும் எழுதியிருக்கும். அதில் ஒரு பெண் பெயர்கூடக் கிடையாது. இந்தக் கல்லை வைக்க அவளுடைய பேராசிரியர் சம்மதித்திருந்தார். அத்தை அதை எங்களிடம் சொன்ன அன்று அப்பாவே டிவியை அணைத்தார்.

அந்தச் சமயத்தில் சரஸ்வதி பூஜை வந்தது. வருஷா வருஷம் அப்பாவின் பேனா, என் புத்தகங்கள், அம்மாவின் தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். அத்தையின் கல் உடைக்கிற சுத்தியலை மட்டும் யாரும் நினைத்ததே இல்லை. அந்த வருஷம் அம்மா நினைத்தாள். அவளுக்கும் அதுதானே ஆயுதம் என்று, பூஜைக்கு முந்தின நாள் அத்தை இல்லாத நேரத்தில் சுத்தியலைத் தேய்த்துக் கழுவினாள், பூதக்கண்ணாடியைத் துடைத்தாள். கல்லை என்ன செய்வது? அழுக்கேறிய தங்கச் சங்கிலியை என்ன செய்வாளோ அதையே செய்தாள். கண்ணாடிக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி ஊறப்போட்டுவிட்டு, பொரியும் பழமும் வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கிண்ணத்தில் கல் இல்லை. நீலத் தண்ணீர் இருந்தது. அம்மா கரண்டியால் துழாவினாள். என்னைக்கூட ஒரு முறை சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு அத்தை சாப்பாட்டு நேரத்தில் சொன்னதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வந்த அத்தை கிண்ணத்தைப் பார்த்தாள். பக்கத்து விமானப் படைத் தளத்தின் விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே இரைந்துகொண்டு போய் அடங்கியதும் கிண்ணத்தைச் சுற்றித் தரையைக் குனிந்து பார்த்தாள்.

"கீழ எதுவும் ஊத்திடலையே அண்ணி?"

அம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்போ கல்லு எங்கேயும் போகல. இதுக்குள்ளதான் இருக்கு."

அதுவரை அடக்கிவைத்திருந்த அம்மா அப்போதுதான் அழுதாள்.

அத்தை நீலத் தண்ணீரை வடிகட்டி, ஒரு நூலைத் தொங்கவிட்டு, கிண்ணத்தைப் பீரோமேல் வைத்தாள். ஐப்பசி மழையில் தண்ணீர் வற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தது. அம்மா தினமும் சாமி கும்பிட்ட கையோடு ஸ்டூல் போட்டு ஏறிப் பார்ப்பாள். கார்த்திகையில் நூலின் நுனியில் ஒரு கல் தொங்கியது. அதே நீலம். சாய்வான முகங்களும் கூரான விளிம்புகளுமாக, பழையதைவிட லட்சணமாகவே இருந்தது. கரைந்துபோன ஒன்று தன் வடிவத்தை எங்கே வைத்திருந்து எடுத்துக்கொண்டு வருகிறது என்று நான் வாயைப் பிளந்து பார்த்தேன். இப்போது காரணம் படித்துத் தெரிந்துகொண்டாயிற்று. ஆனாலும் அந்த மலைப்பு போகவில்லை.

விஷயம் முடிந்தது, இதையே அலமாரிக்குக் கொடுத்துவிடு என்றார் அப்பா. எந்தச் சோதனை செய்தாலும் அதே கல்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டார். அம்மாவின் முகம் மலர்ந்தது. அத்தை மறுத்தாள்.

"கல்லு அதேதான் அண்ணா. ஆனா கிடைச்ச ஊர்னு எழுதுற இடத்துல என்ன எழுதுறது? கிழக்குத் தாம்பரம், பீரோ மேலன்னா?"

அப்பா சிரிக்கவில்லை. எவ்வளவோ எடுத்துச் சொன்னார், கோபப்பட்டும் பார்த்தார். பொய் எழுதி அதற்குக் கீழே தன் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது என்பதில் அத்தை கடைசிவரை இறங்கிவரவில்லை. அன்று ராத்திரி நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது பேராசிரியரே போன் செய்தார். அலமாரியில் இடம் ஒதுக்கியாயிற்று, கல் எங்கே என்று கேட்டார். அம்மா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள்.

"அது போச்சு சார். அழுக்கா இருக்கேன்னு நான்தான் வெந்நீர்ல போட்டுட்டேன்" என்றாள் அத்தை.

முதல் வருஷப் பிள்ளைகள்கூடச் செய்யாத காரியம் அது. எதிர்முனையிலிருந்து வந்த திட்டு எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அத்தை ஒவ்வொன்றுக்கும் "ஆமா சார்" என்றாள்.

எனக்கு எங்கேயோ உதைத்தது. பொய் சொல்ல மாட்டேன் என்று சற்றுமுன் அப்பாவிடம் அந்தச் சண்டை போட்டவள், இப்போது கண்ணிமைக்காமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாளே? கேட்கலாம் என்று நான் வாயெடுப்பதற்குள், அம்மா மிச்சமிருந்த அப்பளம் முழுவதையும் அத்தையின் தட்டில் வைத்தாள். இது என்ன நியாயம் என்று நான் அழ ஆரம்பித்தேன்.