உறுதிதான் என்று சொன்ன வியாழக்கிழமை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சிங்கப்பூரில், பூன் லேயில் ஒரு பட்டறையில் ஆர்டர் காகிதங்களைப் பார்ப்பது என் வேலை; அதை ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொள்வது நானாக எடுத்துக்கொண்ட வேலை. வெளிநாட்டில் கட்டப்போகும் அணுமின் நிலையத்துக்கு எங்களிடம் வால்வுகள் கேட்டார்கள். சும்மா இருப்பேனா? "அந்த நாட்டு கவர்மெண்டே அணுமின்சாரத்துக்கு வரிச்சலுகை குடுக்குது. இனிமே நமக்கு வேலைக்குப் பஞ்சமில்ல லா" என்று கேண்டீனில் ஒருவர் விடாமல் சொன்னேன்.

அதை அப்படியே நம்பியவர் எங்கள் வெல்டர்களில் ஒருவர். புதுக்கோட்டைக்காரர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அணுமின் நிலைய வேலைக்கென்று வெல்டர்களுக்குத் தனிப் பரீட்சை உண்டு. ஒட்டிய தகட்டை எக்ஸ்ரே எடுப்பார்கள். மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் போச்சு. இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டு மூன்றாவதில் தேறினார். அன்றைக்கு எனக்குக் கறிபஃப் வாங்கி வந்தார்.

அவருடைய வேலை பர்மிட் முடியும் நேரம் அது. ஆர்டர் வந்தால்தான் எங்கள் பட்டறை அதைப் புதுப்பிக்கும். துவாஸில் ஒரு கப்பல் பட்டறை அவரைக் கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

வியாழன் காலை ஆர்டர்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. பாகங்களையும் அவர்கள் நாட்டிலேயே செய்தால் வரிச்சலுகை இன்னும் கூடுமாம். அதனால் ஆர்டரை அங்கேயே ஒரு தொழிற்சாலைக்கு மாற்ற யோசிக்கிறார்களாம். முதலாளியிடம் காட்டினேன். "முடிவாகுற வரைக்கும் மூச்சு விடாதீங்க. வெல்டருங்க போயிட்டா அப்புறம் ஆர்டர் வந்தும் பிரயோஜனமில்ல" என்றார்.

மத்தியானம் வெல்டர் என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, ஆர்டர் உறுதிதானே? நீங்க சொன்னா துவாஸுக்கு வரலேன்னு சொல்லிடறேன்."

கடிதம் என் கைக்கடியில் கிடந்தது. முதலாளிக்குப் பயந்துதான் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். அத்தனை பேர் முன்னால் அளந்துவிட்டு, இப்போது இல்லை என்று சொல்ல வெட்கம். அவ்வளவுதான்.

"உறுதிதான் தம்பி. போய் வேலையப் பாருங்க."

மூன்று வாரத்தில் ஆர்டர் கைவிட்டுப் போனது. அவருடைய பர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்றார்கள். துவாஸில் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். தெரிந்த பட்டறைகளுக்கெல்லாம் போன் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. அந்த அரசாங்கத்தைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. தன் ஜனங்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்று அது பார்த்தது. நான் பக்கத்தில் நின்ற மனுஷனிடம் ஒரு வார்த்தை உண்மை சொல்லவில்லை.

அவர் ஊருக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட வரச் சொல்லி என்னைத் தேக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டார். போகாமல் இருந்திருக்கலாம், போனேன். இரண்டு பிரியாணி வாங்கி வந்தார். சாப்பாட்டுக்கு நடுவில் ஊரிலிருந்து அவர் மனைவி வீடியோவில் கூப்பிட்டாள்.

"அக்காதான் பக்கத்துல இருக்காங்க. நம்மள நினைச்சு ரொம்ப ஒடஞ்சு போயிட்டாங்க, நீ ஒரு வார்த்தை சொல்லு" என்று போனை என் கையில் கொடுத்தார்.

"உங்களுக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா சொல்லாமலா இருந்திருப்பீங்க? வருத்தப்படாதீங்கக்கா" என்றாள் அந்தப் பெண்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை அவரிடம் கொடுத்தேன்.