கப்பித்தான் இருந்த ஒருசந்தி

எங்கள் அத்தை அந்தோனியம்மாள், பிள்ளை பெற்ற மறுவாரமே ஆப்பக்கடை அடுப்பை மூட்டியவள். அப்படிப்பட்டவள் ஒரு நாய்க்காகக் கடையை மூடினாள். அதுவும் லூர்து மாதா திருநாளன்று. இதைச் சொல்லும்போதே எனக்குத் தோள் நிமிர்கிறது.

அந்தக் காலத்தில் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குகிறவர்கள் நடுராத்திரிக்கு மேல் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் ஒருசந்தி இருப்பார்கள். பூசை முடிந்ததும் அத்தனை பசியும் கோயிலை ஒட்டிய ஓபிர் ரோட்டில் அத்தை கடைமேல்தான் வந்து விழும். ஆப்பத்தின் முறுகல் ஓரம் அத்தையின் நாய் கப்பித்தானுக்கு. செம்மண் நிறம், மடிந்த ஒற்றைக் காது, துரைவீட்டு நாய்களுக்கும் இல்லாத மிடுக்கு.

அதன் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வளர்ந்து வளர்ந்து மூச்சை அழுத்தத் தொடங்கியது. மாமா இயேசுதாசன் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். குதிரை வைத்தியம் பார்க்கும் துரையிடம் கெஞ்சினார். துரைக்குத் திருநாள் காலைதான் ஒழிந்தது. மயக்க மருந்து கொடுத்துத்தான் அறுக்க வேண்டும், முதல்நாள் சாயங்காலத்துக்குப் பிறகு ஒன்றும் தின்னக் கூடாது, தின்றால் மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சடைத்துச் சாகும் என்றார்.

மாமா தயங்கித் தயங்கி வந்து சொன்னார். அத்தை சிரித்தாள்.

"இது என்ன புதுசா? நாம இருக்கிற ஒருசந்திதானே? அவனும் இருக்கட்டும், கூட நானும் இருக்கேன்."

ஆனால் ஆப்பக்கடை நாய் ஒருசந்தி இருப்பது லேசா? வருகிறவர் போகிறவர் எல்லாம் எதையாவது போடுவார்கள். அதனால்தான் அத்தை அடுப்பே மூட்டவில்லை.

காலையில் மாமாவும் அத்தையும் கப்பித்தானைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு புறப்பட்டபோது பூசை விட்டது. மூடிய கடையைப் பார்த்துக் கூட்டம் முறுமுறுத்தது. கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் அருளானந்தம் உபதேசியாருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"நாய்க்காகவா திருநாள்ல கடையை மூடுனே?"

கோபம் அத்தைமேல்தான், நாயின்மேல் இல்லை. பசிக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியிருந்த ரொட்டியைப் பிய்த்து வழக்கம்போல் கப்பித்தானுக்குப் போட்டார். அது கவ்வியதுதான் தாமதம், அத்தை அதன் வாய்க்குள் கையை விட்டுவிட்டாள். பல் பட்டு விரல் கிழிந்தது. ரொட்டி முழுசாகக் கைக்கு வந்தது.

"ஒருசந்தி இருக்கிறவன் வாயில யாராவது சோறு வைப்பாங்களா, உபதேசியாரே?"

ரொட்டியைக் கைக்குள் மூடிக்கொண்டு அத்தை லாயத்துக்கு நடந்தாள்.

நாய் ஏதாவது தின்றதா என்று துரை கேட்டதை மாமா தமிழில் சொன்னார். அத்தை மூடிய கையை விரித்தாள். இரத்தத்தில் ஊறிய ரொட்டித் துண்டைத் துரை பார்த்தார். முதலில் அவள் விரலைக் கழுவிக் கட்டினார். பிறகுதான் நாய்.

மருந்துத் துணியை முகத்தில் வைத்தபோது கப்பித்தானின் தலை அத்தை மடியில் இருந்தது. எலுமிச்சை அளவு கட்டி வெளியே வந்தது. வெயில் சாயும் நேரத்தில் அது தள்ளாடி எழுந்து தண்ணீர் குடித்தது. அதற்குப் பிறகுதான் அத்தையும் வாய் நனைத்தாள். அவளைப் போல் ஒருத்தி எங்கள் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை.

மறுநாள் அடுப்பு எரிந்தது. உபதேசியார் இரண்டு ஆப்பம் தின்றுவிட்டு, முறுகல் ஓரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"போடலாமா, அந்தோனியம்மா?"

"கழுத்துப் புண்ணு ஆறலை, முழுங்க வலிக்கும். தேங்காய்ப்பால்ல நனைச்சுக் குடுங்க."

உபதேசியார் வேட்டியை மடித்துக்கொண்டு நாயின் முன்னால் குந்தினார். முறுகலைப் பாலில் நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து ஊட்டினார்.