கடலுக்கு முதுகு காட்டி

ஆகஸ்ட் மாதத்தில் அலெக்சாந்திரியாவின் சீதி பிஷ்ர் கடற்கரையில் முதல் வரிசை நாற்காலிக்கு அடிதடியே நடக்கும். அலை வந்து பாதத்தை நனைத்துவிட்டுப் போகும் அந்த வரிசைக்காகக் கெய்ரோக்காரர்கள் விடிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு வீட்டில் ஒருவரை அனுப்பித் துண்டு போட்டு வைப்பார்கள். தவ்லத்தும் முதல் வரிசையில்தான் உட்காருவாள். ஆனால் உட்காருமுன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வாள். கடல் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஊர் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும்.

நாற்காலி வாடகைக்கு விடும் ஷாபானுக்கு இது பொறுக்காது. "அக்கா, ஊரப் பாக்கணும்னா பின் வரிசை போதுமே. இந்த இடத்துக்கு ஜனம் தலைய அடமானம் வைக்குது."

"பின் வரிசைல கரைச்சுவரு மறைக்குது. அஞ்சாவது மாடி தெரியணும்னா இங்கதான் உக்காரணும்."

"அல்லா கடல அந்தப் பக்கம்ல வச்சிருக்கான்?"

"கடல் எங்கயும் ஓடிப் போயிடாது. இவங்க போயிடுவாங்க."

'இவங்க' என்பது அவள் வீட்டில் கோடைக்குக் குடியிருப்பவர்கள். ஐந்தாவது மாடியில் கடலைப் பார்த்த பால்கனியோடு இருக்கும் அந்த வீடு, துறைமுகப் படகில் இயந்திரம் பார்த்த அவள் கணவர் ஷஹாத்தா விட்டுப்போன ஒரே சொத்து. உப்புக்காற்று வருஷா வருஷம் ஜன்னலில் பாதியையும் கம்பிக் கிராதியில் கால்வாசியையும் தின்றுவிடும். பென்ஷனை நம்பி அதைக் காப்பாற்ற முடியாது. அதனால் அலெக்சாந்திரியாவில் கடலோரம் வீடுள்ள பலரும் செய்வதை அவளும் செய்தாள். ஜூன் வந்ததும் வீட்டைக் கெய்ரோக்காரர்களுக்கு விட்டுவிட்டு, காற்றே நுழையாத பின்தெருவில் தங்கை கரீமாவின் வீட்டுக்குப் போய்விடுவாள். வருஷத்தில் ஒன்பது மாதம் கடலைப் பார்த்து வாழ வேண்டுமென்றால், கடல் பார்க்க லாயக்கான மூன்று மாதம் அதைப் பார்க்காமலிருக்க வேண்டும். இதில் இருந்த வேடிக்கை அவளுக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. எப்படியும் அலெக்சாந்திரியாக்காரர்கள் ஆகஸ்டில் கடலில் இறங்குவதில்லை. கெய்ரோ ஊருக்குத் திரும்பிய பிறகு, அக்டோபரில்தான் கடல் அவர்களுடையது.

சந்தேகப்படுவது அவளுக்குக் குணம் மட்டுமல்ல, தொழிலும்கூட. இருபத்தெட்டு வருஷம் துறைமுகச் சுங்கத்தில் பெண்களைச் சோதிக்கும் அறையில் வேலை பார்த்தவள். ரொட்டிக்குள் கைக்கடிகாரங்கள், குழந்தையின் இடுப்புத்துணிக்குள் தங்கம், கர்ப்பிணியின் வயிற்றிலிருந்து ஆறு கஜம் பட்டு என்று எல்லாவற்றையும் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த அனுபவத்தில் ஒன்று கற்றிருந்தாள்: சண்டை போடுகிறவளிடம் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, பணிவாகப் பெட்டியைத் திறந்து காட்டுகிறவளிடம்தான் இருக்கும்.

போன கோடையில் அந்தக் கண்ணையும் ஏமாற்றிவிட்டான் தரகன். அண்ணன் தம்பி இரண்டு பேர் குடும்பத்தோடு வருகிறார்கள் என்றான்; வந்தது ஒன்பது கல்லூரிப் பையன்களும் ஒரு மேளமும். கட்டடச் சங்கத் தலைவர் ஹாஜி அப்துல் அஸீம் பதினாலு வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார். ஐந்தாவது மாடியைப் பற்றி இன்னொரு புகார் வந்தால், அதன்பின் அந்த வீட்டைக் கோடைக்கு விடக் கூடாது. விடவில்லையென்றால் இரண்டு மூன்று குளிர்காலம் தாங்கும். பிறகு விற்க வேண்டியதுதான்.

இந்த ஆகஸ்டில் தரகன் கொண்டுவந்தது அறுபதைத் தாண்டிய ஒரு தம்பதி. ரிஃபாத் பே, அவர் மனைவி ஸனிய்யா.

"நிக்காஹ் பேப்பர் பாத்தியா?" என்று கேட்டாள் தவ்லத்.

"பாத்தேன் அக்கா, எங்கம்மா சத்தியமா."

தரகனின் அம்மா இறந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, சத்தியத்துக்குப் பஞ்சமில்லை. தவ்லத் குடிவருபவர்களை நேரில் பார்ப்பதில்லை. தன் முகம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் கண்காணிக்க முடியாது என்பது அவள் கொள்கை.

முதல் நாள் பால்கனிக் கொடியில் இரண்டு துண்டுகள் காய்ந்தன. நான்காம் நாளும் இரண்டுதான். கெய்ரோவிலிருந்து இரண்டே பேர் வந்து, பின்னாலேயே மச்சினன் குடும்பம் வந்து இறங்காமல் நான்கு நாள் கழிந்த கதையை அவள் கேட்டதே கிடையாது. ஐந்தாம் நாள், அந்த மனிதர் மாம்பழத்தைத் தோல் சீவித் துண்டு போட்டுத் தட்டில் வைத்து மனைவிக்குக் கொடுப்பதைப் பார்த்தாள். நாற்காலியைவிட்டு எழுந்து நேரே வாட்ச்மேன் மஹ்ரூஸிடம் போனாள்.

"சண்டச் சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லம்மா."

"ஒரு தடவகூட?"

"சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு."

"எப்போ?"

"மத்தியானம்."

தவ்லத்தின் முகம் இருண்டது. "புருஷன் பொண்டாட்டிக்குள்ள மத்தியானத்துல சிரிக்க என்ன இருக்கு?"

"எனக்கென்னம்மா தெரியும், எம் பொண்டாட்டி ஊர்ல, அஸ்யூத்துல இருக்கா." மஹ்ரூஸ் குரலைத் தாழ்த்தினான். "இன்னொண்ணு. அவரு அந்தம்மாவ 'ஸனிய்யா ஹானிம்'னு மரியாதையா கூப்புடுறாரு."

"எங்க வீட்டுக்காரரு இருபத்தாறு வருஷம் என்ன 'ஏய், காது கேக்குதா'ன்னுதான் கூப்பிட்டாரு. நாங்க முறையா நிக்காஹ் பண்ணவங்க."

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்றிருந்தது. வாசலைத் தாண்டினால் கடல். ஆனால் அவர்கள் அந்தக் கடலில் கால்கூட நனைக்கவில்லை. காலையில் அவர் முதலில் இறங்குவார். ஐந்து நிமிஷம் கழித்து அந்த அம்மாள் தனியாக இறங்குவாள். இருவரும் ஒரே வேனில் ஏறி, தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து வேறெங்கோ போவார்கள். மடியில் ஒன்றுமில்லாதவர்கள் இப்படி நடந்துகொள்ள மாட்டார்கள்.

தவ்லத் பின்னாலேயே போனாள். முதல் நாள் ஸ்டான்லி வளைகுடா. கடலோரம் அடுக்கடுக்காக இருந்த உடை மாற்றும் அறைகளுக்குக் கீழே, கறுப்பு உடையும் சுங்கத்துறைக் காலணியுமாக, தேன் வேஃபர் விற்பவனின் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றாள். நிற்பதற்குக் காரணம் வேண்டுமே என்று ஐந்து வேஃபர் தின்றாள். அவர்கள் மணலுக்கு வந்தபிறகுதான் ஒன்றுசேர்ந்தார்கள். சேர்ந்ததும் அவர் கைகொடுக்க, அந்த அம்மாள் உடுத்திய உடையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். மறுநாள் மந்தரா. அதற்கு மறுநாள் ரயிலின் கடைசி நிறுத்தமான அபூகீர். நாற்பது வருஷமாகத் தான் எட்டிப் பார்க்காத கடற்கரைகளையெல்லாம் தவ்லத் மூன்றே நாளில் பார்த்துவிட்டாள். கடலை மட்டும் பார்க்கவில்லை.

அபூகீரில் மீன்கடைக்காரர்கள் மணலிலேயே மேஜை போட்டிருந்தார்கள். தவ்லத் இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து, பொரித்த மீனின் முள்ளைப் பிரித்துக்கொண்டே பார்வையை ஓட்டினாள். அந்த மேஜையில் ரிஃபாத் மட்டும்தான் இருந்தார். அந்த அம்மாளைக் காணோம்.

"ஸ்டான்லில பாத்தேன். மந்தரால பாத்தேன்." குரல் தலைக்கு மேலிருந்து வந்தது. ஸனிய்யா இடுப்பில் கைவைத்து நின்றாள். "இப்ப இங்கயும் வந்துட்ட. தாமிர் எவ்வளவு குடுக்கறான் உனக்கு?"

"எந்தத் தாமிர்?"

"நடிக்காத. எம் மவன்தான். பெத்த தாய்க்குப் பின்னாடி ஆள் வச்சிருக்கான். இந்தக் காசு உனக்குச் செரிக்குமா?"

இருபத்தெட்டு வருஷத்தில் தவ்லத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அவளுக்கு அது எப்படியிருக்கும் என்றே தெரியாது. "யாரப் பாத்து என்ன பேசற?" என்று எழுந்தாள். "நீ படுத்துத் தூங்கற கட்டில் என்னுது!"

பக்கத்து மேஜைகளில் சாப்பாடு நின்றது. ரிஃபாத் இறால் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"வீட்டுக்காரிய்யா நான்!" என்றாள் தவ்லத், எல்லா மேஜைக்கும் சேர்த்து. பிறகு ஸனிய்யாவிடம் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு நிக்காஹ் பேப்பரக் காட்டு. இல்ல, சாயந்தரத்துக்குள்ள பெட்டியக் கட்டு."

ஸனிய்யா பையைத் திறந்தாள். ஈரத் துண்டுக்கடியில் பிளாஸ்டிக் உறைக்குள், அதற்குள் இன்னொரு உறைக்குள் இருந்தது அந்தத் தாள். கடலுக்குக் குளிக்க வரும்போதும் அதைச் சுமந்து வந்திருக்கிறாள். தவ்லத் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்த்தாள், விரல் ரேகைகளைப் பார்த்தாள், இரண்டு சாட்சிக் கையெழுத்தையும் பார்த்தாள். இத்தனை சுத்தமான தாள் அவள் கையில் அதிகம் சிக்கியதில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு தேதியைப் பார்த்தாள். பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது.

"இவரு கெய்ரோவுல, ஷுப்ராவுல எங்க கட்டடத்துல மூணாவது மாடி," என்றாள் ஸனிய்யா. "பூகோள வாத்தியாரா இருந்தவரு. நான் விதவையாகிப் பதினொரு வருஷம். எம் மவன் கிட்ட பேச்ச எடுத்தேன். 'மாமனார் வீட்டுல என் மூஞ்சிய எங்க வச்சிக்குவேன்? அந்தாளு வேணுமா, பேரப்புள்ளைங்க வேணுமா?'ன்னுட்டான். தாந்தாவுல தங்கச்சி வீட்டுக்குப் போறதா சொல்லிட்டு வந்திருக்கேன். ஷுப்ராவுல பாதி ஜனம் உங்க வீட்டுக்கு எதுத்த மணல்லதான் உக்காந்திருக்கு. அதான் ஊரெல்லாம் சுத்தறோம். மாசக் கடைசில நானே போயி அவன்கிட்டச் சொல்லிருவேன். நானா சொன்னா ஒரு மாதிரி முடியும். அவனா கண்டுபுடிச்சான்னா, புள்ளைங்கள என் கண்ணுலயே காட்ட மாட்டான்."

தவ்லத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "மாசக் கடைசி வரைக்கும் வீடு உங்களுது," என்றாள். "மணல மட்டும் வாசல்லயே தட்டிட்டு உள்ள போங்க."

மூன்றாம் நாள் நண்பகலில் கட்டடத்துக்கு முன் கெய்ரோ எண்பலகையோடு ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவன் பாலிஷ் போட்ட ஷூ அணிந்திருந்தான். ஆகஸ்டில் கடற்கரைக்கு ஷூவோடு வருகிறவன் குளிக்க வரவில்லை. அவன் தலையை நிமிர்த்தி பால்கனிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவ்லத் மணலிலிருந்து பார்த்தாள். அன்று ரிஃபாத்தும் ஸனிய்யாவும் வெளியே கிளம்பாமல் மேலேதான் இருந்தார்கள். எழுந்தவள் சுரங்கப்பாதையைத் தேடவில்லை. ஹாரன்களுக்கு நடுவே கடற்கரைச் சாலையைக் குறுக்கே கடந்தாள்.

வாசலில் மஹ்ரூஸ் விழித்துக்கொண்டு நின்றான். ஹாஜி அப்துல் அஸீம் வழக்கமான பெஞ்சில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா இந்தக் கட்டடத்துக்குள்ள நுழஞ்சத எங்க ஏரியாக்காரரு ஒருத்தரு பாத்திருக்காரு," என்றான் வந்தவன். "ஒரு ஆளோட. கோடைக்கு விடற வீடு அஞ்சாவது மாடிதானாம். அங்க யாரு இருக்காங்க?"

மஹ்ரூஸ் தவ்லத்தைப் பார்த்தான்.

"அது என் வீடு தம்பி," என்றாள் அவள். "என் தங்கச்சியும் அவ புருஷனும் இருக்காங்க."

"நான் போயி ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன், தாயே."

"என் தங்கச்சி தலைக்குக் குளிச்சிட்டு முக்காடில்லாம உக்காந்திருக்கா. நீ எந்த முறையில உள்ள போவ?"

அவன் முகம் சிவந்தது. எந்த வீட்டில் வளர்ந்தவனும் அந்தப் படியில் கால் வைக்க மாட்டான். ஆனால் நகரவுமில்லை. பெஞ்சின் பக்கம் திரும்பினான். "ஹாஜி, நீங்க பெரியவரு. இவங்க சொல்றது நெசமா?"

கரீமாவை ஹாஜிக்கு நன்றாகத் தெரியும். அவள் மூச்சு வாங்காமல் இரண்டு மாடிகூட ஏற மாட்டாள். இரண்டு முறை ஹஜ் போய் வந்தவர் பொய் சொல்ல முடியாது. உண்மை சொல்லலாம், ஆனால் தவ்லத் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக விரலுக்குள் நகர்ந்தன. பெரியவரின் மௌனத்தை அவன் ஆமென்று எடுத்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காரில் ஏறினான்.

கார் திரும்பியதும் ஹாஜி மணி உருட்டுவதை நிறுத்தினார். "அல்லாவுக்கு முன்னாடி என்ன எதுக்கு வாயமூட வச்சேன்னு இப்பச் சொல்லு."

"அவங்க முறையா நிக்காஹ் பண்ணவங்க ஹாஜி. பேப்பரப் பாத்தேன்."

"வாங்கிட்டு வா. சங்கத்துல காட்டுவோம்."

"மாட்டேன். தேதியப் பாத்தா பதினாலு வீட்டுக்கும் கத தெரியும். பதினாலு வீட்டுலயும் ஷுப்ராவுல ஒரு சொந்தம் இருக்கு."

"அப்ப உன் பேச்ச மட்டும் நம்பணுங்கற."

"ஆமா."

ஹாஜி சிரித்தேவிட்டார். "எம் பொண்டாட்டி பெய்ரூத்லேர்ந்து கப்பல்ல வந்தப்ப, உன்னோட ஒரே மாடிப்படியில ஏறி எறங்குறவதான்னு தெரிஞ்சும், ஆலிவ் ஊறுகா ஜாடிக்குள்ள முழங்கை வரைக்கும் கையவிட்டுத் துழாவினவ நீ."

"அது என் வேல."

"இது என் வேல. சங்கத்துல புகாரு பதிஞ்சாச்சுன்னு வச்சுக்க. மாசக் கடைசியோட அஞ்சாவது மாடிய வெளியாளுக்கு விடறது முடிஞ்சுது."

தாள் மேலேதான் இருந்தது. போய்க் கேட்டால் ஸனிய்யா கொடுத்துவிடுவாள், மறுபேச்சு இருக்காது. தவ்லத் துருப்பிடித்த கிராதியை நினைத்தாள். இந்தக் குளிர்காலத்தையும் அடுத்ததையும் நினைத்தாள். வீட்டை விலைக்குப் பார்க்க வருகிறவர்கள் சுவரைத் தட்டித் தட்டிப் பார்ப்பதையும் நினைத்தாள்.

"சரி ஹாஜி," என்றாள்.

லிஃப்ட் வழக்கம்போல ஓடவில்லை. ஐந்து மாடியும் படியேறினாள். சாவி பைக்குள் இருந்தது. ஆனாலும் தன் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே காலடி வந்து நின்றது. சங்கிலி மாட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?" ரிஃபாத்தின் குரல்.

"நான்தான், வீட்டுக்காரி. பயப்படாதீங்க. அந்தப் பையன் வந்தான், போயிட்டான். ஒண்ணும் தெரியாது அவனுக்கு."

உள்ளே கிசுகிசுப்புக் கேட்டது. காரை மேலிருந்து பார்த்திருக்கிறார்கள். அவனோடு அவள் வாசலில் நின்று பேசியதையும் பார்த்திருக்கிறார்கள்.

"கூட யாரு இருக்கா?" என்றாள் ஸனிய்யா.

"யாருமில்ல. சத்தியமா."

கதவு திறக்கவில்லை. தவ்லத் மேல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள். அவர்கள் இடத்தில் தான் இருந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது. புத்தியுள்ளவர்கள்தான்.